பின்வாசல் இல்லாத சாப்பாட்டுக்கடை

"அடுப்பு எங்கேன்னு கேட்டேன்."

"காது நல்லாவே கேக்குது. பக்கத்து ரூம்காரங்களுக்கும் கேக்குது."

"அடுப்பு இருக்க வேண்டிய பையில தலகாணி இருக்கு. அது எப்படி வந்தது?"

"நான்தான் வெச்சேன். லாட்ஜ் தலகாணி எனக்கு ஒத்துக்கறதில்ல."

கடலைப் பார்த்த மாடி அறை. ஜன்னல் திறந்திருந்தது. கீழே துண்டை உதறிக்கொண்டிருந்த ஒரு குடும்பம் உதறுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தது.

பையை இரண்டாம் முறையாகக் கட்டிலில் கவிழ்த்தவர் சீல் ஐயா. எங்கள் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். ஓட்டல் சமையற்கட்டுகளைச் சோதிக்கும் சுகாதார ஆய்வாளராக இருந்து போன மாதம்தான் ஓய்வு பெற்றார். எத்தனை கதவுக்கு சீல் வைத்தார் என்று அவருக்கே நினைவில்லை. நிமிர்ந்து நின்று பதில் சொன்னவள் அவர் மனைவி டெய்லரம்மா. தெருவில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைப்பவள். மீதிப் பேருக்குத் தைத்ததைப் பிரித்துத் தைப்பவள்.

"அப்ப மூணு நாள் எங்க சாப்பிடறது?"

"ஊர் உலகமெல்லாம் எங்க சாப்பிடுதோ, அங்க."

அடுப்பு எங்கே இருந்தது என்று நான் சொல்லலாம். பக்கத்து வீட்டில், என் கட்டிலுக்கு அடியில். கிளம்புகிற அன்று காலையில் டெய்லரம்மா முந்தானையில் மூடி எடுத்து வந்து, "வந்து வாங்கிக்கறேன், யார் கேட்டாலும் குடுக்காத" என்று வைத்துவிட்டுப் போனாள். மற்றபடி அந்தக் கடற்கரையில் நான் இல்லை. அப்பா, அம்மா, மகள் மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒத்துப்போகாத இடங்களில் எனக்குப் பிடித்ததை வைத்துக்கொண்டேன்.

இந்தக் குடும்பம் விடுமுறைக்குக் கடலுக்குப் போவது புதிதல்ல. சாப்பிடப் போவதுதான் புதிது. சீல் ஐயா உத்தியோகத்தில் இருந்தவரை எந்த ஓட்டலிலும் ஒரு வாய் சாப்பிட்டதில்லை, தண்ணீர்கூடக் குடித்ததில்லை. கூட வேலை பார்த்தவர்கள் சோதனைக்குப் போன இடத்திலேயே இலவசமாக வயிற்றை நிரப்பிக்கொண்டு திரும்புவார்கள். இவர் வீட்டுச் சோற்றை டிபன் பாக்ஸில் கொண்டுபோய் மரத்தடியில் தின்பார். அது அவர் பெருமை. அந்தப் பெருமைக்கு விறகாக எரிந்தவள் டெய்லரம்மா. ஒவ்வொரு விடுமுறையிலும் லாட்ஜ் அறையின் மூலையில் அடுப்பை வைத்துச் சமைத்தாள். மற்றவர்கள் கடலில் நனைந்துவிட்டு வந்து பசிக்கிறது என்பார்கள். அவள் கடலைப் பார்த்ததெல்லாம் பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றப் போகும்போதுதான்.

இந்த முறை அவள் துணிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மகள்.

மகள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். வந்த வரன்களையெல்லாம் ஏதோ சொல்லித் தட்டிக் கழித்தாள். ஏன் என்று போன வாரம் அம்மாவிடம் ஒப்புக்கொண்டாள். பைக்கில் விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டு ஒருவன் வந்தானாம். முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்கு முன்பே அவன் எலும்பைப் பார்த்துவிட்டாள். கட்டுப் பிரித்த பிறகும் கை வலிக்கிறது என்று அவன் வந்துகொண்டே இருந்தான். எலும்பு எப்போதோ கூடிவிட்டது என்று தெரிந்தும் இவள் படம் எடுத்துக்கொண்டே இருந்தாள்.

அவன் அம்மா இதே கடற்கரையில் சாப்பாட்டுக்கடை நடத்துகிறவள். ஒரு காலத்தில் சீல் ஐயா தன் கையாலேயே சீல் வைத்த கடை. விஷயம் தெரிந்ததும் அந்த அம்மா மகன் மூலமாக ஒரே ஒரு வார்த்தை சொல்லியனுப்பினாள். "பொண்ணோட அப்பா என் கடையில உக்காந்து சாப்பிடட்டும். அப்புறம் கல்யாணப் பேச்சு. சாப்பிடலன்னா பேச்சே இல்ல."

ஏன் இப்படி ஒரு நிபந்தனை என்று மகனுக்கே தெரியவில்லை. அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னால் அவர் பஸ்ஸே ஏறமாட்டார் என்று அம்மாவுக்கும் மகளுக்கும் தெரியும். சொல்லாமல் கூட்டிவந்தாயிற்று. அடுப்பும் இல்லை. இனி அவரைப் பசிக்க வைக்க வேண்டியதுதான் பாக்கி.

காலையில் வாழைப்பழமும் ரொட்டியும் வாங்கி வந்து சீல் ஐயா தப்பித்துக்கொண்டார். ரொட்டிப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தேதியைப் படித்து, வெளிச்சத்தில் பிடித்து, அப்புறம்தான் பிரித்தார். மத்தியானமும் இதுவே போதும் என்றார்.

"உங்களுக்குப் போதும். நாங்க சாப்பாடு சாப்பிடப் போறோம்" என்று டெய்லரம்மா செருப்பை மாட்டினாள். மகள் குடையை எடுத்தாள். பெண்டாட்டியும் பிள்ளையும் கண்ட கடையில் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்வார்களே என்று அவர் பின்னாலேயே ஓடினார். அப்படி ஓடுவார் என்பது கணக்கு.

கடலோரத்தில் ஒரு நீளத் தெரு. ஒரு பக்கம் வரிசையாகச் சாப்பாட்டுக்கடைகள், மறுபக்கம் மிதவைகளும் தொப்பிகளும் விற்கிற கடைகள். முதலில் குடை விரித்த மேசைகள் போட்ட பெரிய ஓட்டல். அம்மாவும் மகளும் உட்கார்ந்து மெனு கார்டைப் பிரித்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் அவரைக் காணோம்.

சீல் ஐயாவுக்கு முன்வாசல் வழியாக ஓட்டலுக்குள் போய்ப் பழக்கம் கிடையாது. முன்வாசலில் நின்றால் உள்ளே தகவல் போய்விடும், அதற்குள் எல்லாவற்றையும் ஒளித்துவிடுவார்கள் என்று உத்தியோகத்தின் முதல் வாரமே கற்றுக்கொண்டவர். கால் தானாகவே சந்துக்குள் திரும்பிவிடும். ஓய்வு பெற்ற செய்தி காலுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

திரும்பி வந்து மேசையருகே குனிந்து ஒரே சொல் சொன்னார்.

"எலி."

மெனு கார்டு மூடப்பட்டது.

அடுத்த கடையில் சொன்னது, "எண்ணெய்." அதற்கடுத்த கடையில் ஒன்றும் சொல்லவில்லை. மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வந்து நின்றார், அது போதுமானதாக இருந்தது. நான்காவதாக ஒரு கடையில் டெய்லரம்மா உஷாராகிவிட்டாள். அவர் சந்துக்குள் திரும்பிய மறுகணமே எலுமிச்சை ஜூஸ் சொல்லி, அவர் வருவதற்குள் குடித்து முடித்து, காலி டம்ளரை அவர் பார்க்கிற மாதிரி நடுமேசையில் வைத்தாள்.

"ஐஸ் எங்க வெச்சிருக்கான்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது. அதனாலதான் ருசியா இருந்துச்சு."

வெயில் தலைக்கு மேலே வந்துவிட்டது. தெருவில் எல்லாக் கடையிலும் மீன் பொரிகிற வாசனை. குழந்தைகள்கூட ஈரக் கையோடு எதையோ கடித்துக்கொண்டு போயின. சீல் ஐயாவின் வயிறு கூப்பிட்டது மகள் காதில் விழுந்தது. அவள் மெதுவாக, "கடைசில ஒரு கடை இருக்கு. அதையும் பார்த்துடலாம். பிடிக்கலன்னா ரூமுக்குப் போயிடலாம்பா" என்றாள். குரல் நடுங்கவில்லை என்று அவள் சொல்கிறாள். நடுங்கியது என்று அம்மா சொல்கிறாள்.

தெரு முடிகிற இடத்தில் நீலக் கதவு போட்ட கடை. பெயர்ப் பலகை புதிது, சுவர் புதிது. அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கடை முகப்பு வரை போகாமலேயே, வழக்கம்போலப் பக்கத்துச் சந்துக்குள் நுழைந்தார்.

சந்தில் சாக்கடை இருக்கும், கூடைகள் இருக்கும், உடைந்த பக்கெட் இருக்கும், புகையடிக்கிற கதவு ஒன்று இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு அதெல்லாம் எதுவும் கண்ணில் படவில்லை. பெருக்கிய மணல். நான்கு படிகள். படியேறினால் மரப்பலகை போட்ட பெரிய தாழ்வாரம், நிறைய மேசைகள், எல்லா மேசையிலும் ஆட்கள். எதிரே முழுசாகக் கடல்.

கடையின் பின்பக்கம் என்று நினைத்து வந்தவர் சாப்பிடுகிறவர்களின் நட்டநடுவில் நின்றார். இத்தனை வருஷத்தில் ஓட்டலுக்குள் அவர் பார்த்தே இராத இடம் இது. ஒருவர் நண்டுக் காலைக் கடித்தபடி, இடம் வேண்டுமா என்று நகர்ந்து உட்கார்ந்தார்.

"வாங்க சார்" என்று ஓர் இளைஞன் நாற்காலியை இழுத்துப் போட்டான். மணிக்கட்டு லேசாகக் கோணியிருந்தது. சீல் ஐயா அதைக் கவனிக்கவில்லை.

"சமையற்கட்டு எங்க?"

"முன்னாடி சார். தெருவைப் பார்த்த மாதிரி. அம்மா கடையையே திருப்பிக் கட்டிட்டாங்க."

சீல் ஐயா நடைவழியாக முன்பக்கம் போனார். தெருவுக்கும் சமையற்கட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர்தான் இருந்தது. அடுப்பு, மீன் வெட்டும் கல், பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாமே போகிறவர் வருகிறவர் பார்க்கிற மாதிரி. அங்கே அவர் மனைவியும் மகளும் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில், தலைமுடியைத் துணியால் இறுக்கிக் கட்டிய ஒரு அம்மா, கையில் ஜல்லிக்கரண்டி. அந்த முகம் யாருடையது என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

"பின்வாசலைத் தேடினீங்களா?" என்றாள் கடைக்கார அம்மா. "அதை நான் அப்பவே அடைச்சுட்டேன்."

சீல் ஐயா மகளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். தலையணை ஏன் பைக்குள் வந்தது என்று அப்போதுதான் விளங்கியதாம். முழுசாக விளங்கவில்லை, பாதிதான். மீதியை மகள் சொன்னாள்.

"அப்பா, உங்க பின்னாலயே வந்து நிக்கறாரே, அவரைத்தான் நான் கட்டிக்கப் போறேன். இது அவங்க அம்மா. நீங்க இங்க சாப்பிட்டாலும் சரி, சாப்பிடலன்னாலும் சரி, நான் வேற யாரையும் கட்டிக்க மாட்டேன்."

"இல்லம்மா" என்றாள் கடைக்கார அம்மா, மீனைத் திருப்பிப் போட்டபடி. "அவர் சாப்பிடலன்னா நீ இங்க வர வேண்டாம். உன்னை எனக்குப் பிடிக்கும். ஆனா வேண்டாம்."

சீல் ஐயாவுக்குக் கோபம் வந்தது. அன்றைக்குக் கடையை மூடியது சட்டப்படிதான், சாக்கடை அடைத்து அழுக்குத் தண்ணீர் சமையற்கட்டுக்குள் நின்றது, யாராக இருந்தாலும் மூடியிருப்பார்கள், அதற்குப் பழி வாங்கவா என் பெண்ணைப் பிடித்தீர்கள் என்கிற ரீதியில் பேசினார். கடைக்கார அம்மா குறுக்கே பேசவில்லை. முழுசும் கேட்டாள்.

"நீங்க மூடினது சரி" என்றாள் பிறகு. "அதுக்கு எனக்குக் கோபமே இல்ல. எல்லாத்தையும் இடிச்சு, கழுவி, சுண்ணாம்பு அடிச்சு வெச்சோம். நீங்க வந்து பார்த்தீங்க. சீலைப் பிரிச்சீங்க. எல்லாம் சரின்னு வாயால சொன்னீங்க. நினைவிருக்கா?"

"இருக்கு."

"வாசல்ல ஒரு கூட்டமே நின்னுச்சு. நான் ஒரு தட்டுல மீன் வெச்சு, முதல் தட்டு உங்களுக்குத்தான்னு நீட்டினேன். நீங்க வேண்டாம்னு கையைக் காட்டிட்டுப் போயிட்டீங்க."

"வேலையில இருக்கறப்ப நான் எங்கேயும் சாப்பிட்டதில்லம்மா. தண்ணிகூட."

"அது உங்களுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரியுமா? 'சரின்னு சொன்னவரே தொடலையே'ன்னு ஒருத்தர் சொன்னார். அந்த சீசன் பூரா இங்க ஈ காக்கா வரல. எம் புருஷன் கப்பல்ல சமைக்கப் போனார். இன்னிக்கும் கப்பல்லதான் இருக்கார். சீல் வெச்சதுல என் கடை போகல. நீங்க கையைக் காட்டினதுலதான் போச்சு."

பக்கத்துக் கடை சர்வர் ஒருவன் துடைத்த மேசையையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.

சீல் ஐயா அடுப்பையும் தொட்டியையும் ஒரு தரம் பார்த்தார். பேசியபோது குரல் இறங்கியிருந்தது. அப்படி நடந்தது தனக்குத் தெரியாது என்றார். தெரிந்திருந்தாலும் அன்றைக்குச் சாப்பிட்டிருக்க முடியாது என்றும் சொன்னார். மனுஷன் அந்த நேரத்திலும் பொய் சொல்லவில்லை பாருங்கள்.

"இப்ப சாப்பிட்டா அது என் பொண்ணுக்காகச் சாப்பிட்டதா ஆகும்" என்றார். "உங்க சமையலுக்காகச் சாப்பிட்டதா ஆகாது. ஒரு காரியம் நடக்கணும்னு சாப்பிடறதுக்குப் பேர் எனக்குத் தெரியும். அதை நான் செய்ய மாட்டேன்."

மகள் குடையைக் கீழே வைத்தாள். கண் கலங்கிவிட்டது. கடைக்கார அம்மா அடுப்பைத் தணித்தாள். எல்லாம் முடிந்தது என்றுதான் அந்த இளைஞன் நினைத்தானாம்.

அப்போது டெய்லரம்மா வாயைத் திறந்தாள்.

"ஏங்க, ஊர்ல இருக்கற சமையற்கட்டையெல்லாம் போய்ப் பார்த்தீங்களே. நம்ம வீட்டுச் சமையற்கட்டை என்னிக்காவது பார்த்தீங்களா?"

"அதை எதுக்குப் பார்க்கணும்?"

"பார்த்திருந்தா எலி இருந்தது தெரிஞ்சிருக்கும்."

சீல் ஐயா அவளையே பார்த்தார்.

"ஒரு மழைக்காலம் பூரா இருந்துச்சு. அரிசிப் பானைக்குப் பின்னால. நானும் பக்கத்து வீட்டுக்காரியும் பொறி வெச்சுத்தான் பிடிச்சோம். அந்த மழைக்காலம் பூரா நீங்க தினமும் சாப்பிட்டீங்க. ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க. சோதனை பண்ணியா சாப்பிட்டீங்க? நான் போட்டேன், சாப்பிட்டீங்க. அவ்வளவுதான். இவங்களும் போடறாங்க. சட்டம், காரியமெல்லாம் அப்புறம் பேசலாம். உங்களுக்குப் பசிக்குதா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

பொறி என்னுடையது. சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தால் நானும் சொல்லியிருப்பேன்.

மகள் முதலில் சிரித்தாள், அழுதுகொண்டே. அப்புறம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த சர்வர் சிரித்தான். சீல் ஐயா சிரிக்கவில்லை. வெயிலில் நடந்து சிவந்த முகத்தோடு, ஓட்டல்காரர்களிடம் எத்தனையோ தரம் அவர் கேட்ட கேள்வியையே, வேறு தொனியில் கேட்டார்.

"கை கழுவ சோப்பு இருக்கா?"

முழங்கை வரை கழுவினார். நகக்கண்களைக் கூட விடவில்லை. துடைத்துக்கொண்டதும், கடல் பக்கம் போகிறாரோ என்று அந்த இளைஞன் வழிவிட்டான். அவர் போகவில்லை. தெருவோரமாக, இடுப்பளவுச் சுவரை ஒட்டி, வேலைக்காரர்கள் காய் நறுக்குகிற மேசை ஒன்று கிடந்தது. அதில்தான் உட்கார்ந்தார். தெருவுக்கு முகம் காட்டி உட்கார்ந்தார்.

கடைக்கார அம்மா தட்டு வைத்தாள். சோறு, பொரித்த மீன், ஒரு கிண்ணத்தில் சூப். தட்டை வைத்த பிறகும் அவள் விளிம்பிலிருந்து கையை எடுக்கவில்லை என்று மூன்று பேருமே சொல்கிறார்கள். இந்த ஒரு இடத்தில்தான் மூன்று பேரும் ஒத்துப்போகிறார்கள்.

அவர் மீனைப் புரட்டிப் பார்த்தார். விண்டு முகர்ந்தார். பழக்கம் எங்கே போகும். பிறகு வாயில் வைத்தார். மிதவைக் கடைக்காரர் வெளியே வந்து நின்றார். குடை ஓட்டலிலிருந்து இரண்டு சர்வர்கள் எட்டிப்பார்த்தார்கள். சற்றுமுன் அவர் சந்துக்குள் நுழைந்து பயமுறுத்திய கடைகளெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன. அவர் யாரையும் பார்க்காமல் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக அடுக்கிக்கொண்டே தின்றார். மீன் தீர்ந்தது. சோறு மிஞ்சியது. தட்டின் ஓரத்தை விரலால் லேசாகத் தட்டினார். வீட்டில் மறுசோறுக்கு அவர் அப்படித்தான் தட்டுவார்.

"இன்னொரு மீன் கேக்கறார்" என்று டெய்லரம்மா மொழிபெயர்த்தாள்.

கடைக்கார அம்மா உடனே அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மீன் எடுக்கவா, முகத்தை மறைக்கவா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

சாப்பிட்டு எழுந்ததும் சீல் ஐயா சொன்ன முதல் வார்த்தை, "பில்லு போடுங்க. ஒரு பைசா குறைக்காம போடுங்க."

இதிலும் முறைப்பு வருமோ என்று மகள் பயந்தாள். கடைக்கார அம்மா கையைத் துடைத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"இன்னிக்குப் போடறேன். சம்பந்தி ஆயிட்டா பில் போட மாட்டேன். அதனால இதுதான் கடைசி பில்."

பில்லை வாங்கி அவர் சட்டைப் பையில் மடித்து வைத்தார். மகள் அப்போதும் நம்பாமல் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அங்கே இல்லை. தாழ்வாரத்துக்குப் போய், கடலைப் பார்த்த மேசையில், காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தனக்கு என்ன வேண்டும் என்று சர்வரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நிறையச் சொன்னாளாம். சொல்லி முடிக்கிற நேரத்தில் கடைக்கார அம்மா போய் அவள் காதில் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். என்ன சொன்னாள் என்று நானும் எத்தனையோ விதமாகக் கேட்டுவிட்டேன். நான் தைக்கக் கொடுத்த ரவிக்கையைச் சாக்காக வைத்துக்கூடக் கேட்டேன். டெய்லரம்மா வாயே திறக்கவில்லை. கப்பலில் சமைக்கப் போன அவள் புருஷன் சம்பந்தப்பட்டது என்று எனக்குச் சந்தேகம். ஏனென்றால் அடுத்த மாதமே அவர் தந்தி மாதிரி சுருக்கமாகப் போன் பண்ணினாராம், வருகிறேன் என்று. வந்தாரா, வந்து கரையிலேயே தங்கிவிட்டாரா என்பதை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

கல்யாணம் மழை விட்ட கையோடு நடந்தது. பந்தியில் சீல் ஐயா முதல் வரிசையில் உட்கார்ந்தார். சமையற்கட்டுப் பக்கம் இரண்டு தரம் எழப் பார்த்தார், இரண்டு தரமும் மனைவி வேட்டி நுனியைப் பிடித்து உட்கார்த்தினாள். எக்ஸ்ரேக்காரி கடற்கரை ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு நீலக் கதவு வீட்டுக்குப் போனாள். புருஷனுக்கு இப்போது மணிக்கட்டு வலிப்பதே இல்லையாம்.

அதோடு நின்றிருந்தால் எனக்கு இத்தனை சங்கடம் இல்லை. பெண்ணைப் பார்க்கப் போகிறோம் என்று அடிக்கடி போய்க்கொண்டிருந்தவர்கள், ஒரு நாள் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்துவிட்டார்கள். டெய்லரம்மா தையல் மெஷினைக் கடலைப் பார்த்த ஜன்னலோரம் போட்டிருக்கிறாளாம். மத்தியானம் அவள் வீட்டில் சமையல் கிடையாது. சீல் ஐயா முன்பக்கத்து மேசையில், தெருவுக்கு முகம் காட்டி, தினமும் உட்கார்ந்து சாப்பிடுகிறார். பில் விஷயத்தில் மட்டும் தினமும் சண்டை.

பக்கத்து வீட்டுக் கதவில் வாடகைக்கு என்று பலகை தொங்குகிறது. அவர்கள் அடுப்பு இன்னும் என் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. வாங்கிக்கொண்டு போங்கள் என்று நானும் சொல்லியனுப்பிக்கொண்டேதான் இருக்கிறேன். யாரும் வருகிற மாதிரி தெரியவில்லை.